புகை அறையில் மதியச் சோறு

எங்கள் ஒசாகா அலுவலகத்தில் சிகரெட்டைத் தொட்டே பார்க்காத குவாத்தா அம்மாள்தான் தினமும் நாங்கள் புகைபிடிக்கும் புகை அறையில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் வேலை பார்க்கும் கணக்குப் பிரிவில் எல்லார் சட்டையிலும் துணி அலசும் திரவத்தின் ரோஜா வாசனை. அது மூக்கில் ஏறினால் அவருக்குத் தலை பிளக்கும், மூச்சு முட்டும். சொல்லிப் பார்த்தார். "நல்ல வாசனைதானே மேடம்!" என்று சிரித்தார்கள், அறிவுகெட்டவர்கள்.

"எங்க புகை மட்டும் பரவாயில்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாத்தம்தான். ஆனா நாத்தம்னு நீங்களே ஒத்துக்கறீங்களே!"

நேற்று அவர் சோற்று உருண்டையைப் பிரித்தபோது மேலாளர் நிஷியோகா வந்தார். தங்கமான மனிதர். கையில் புது ஸ்ப்ரே.

"பாவம், எங்க புகையில உக்காந்து சாப்பிடறீங்க. இனிமே இங்கயும் கமகமன்னு இருக்கும்!"

வாசலை அடைத்து நின்றபடியே மூலைமூலையாக அடித்தார். ஜன்னல் இல்லாத அறை. குவாத்தா அம்மாளின் முகம் வெளுத்தது. அன்பாகச் செய்கிறவரை, அதுவும் மேலாளரை, யார் தடுப்பது?

குவாத்தா அம்மாள் எழுந்து குனிந்து வணங்கினார். "ரொம்ப நன்றி சார்." பிறகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு பத்த வைங்க. என் மூஞ்சிக்கு நேரா ஊதுங்க. சீக்கிரம்!"

மேலாளர் பார்த்துக்கொண்டிருக்க, ஊதினேன். கைக்குட்டையை எடுத்துவிட்டு, குவாத்தா அம்மாள் நிம்மதியாக மூச்சை இழுத்தார்.