அம்மாவின் கையும் சுடலியின் கையும்

அடுப்பில் மணல் காயும்போது முதலில் ஈர மண்ணின் வாசம் வரும், பிறகு கடல்பாசி கருகுவதுபோல ஒரு நெடி, அதற்கும் பிறகு வாசம் என்று எதுவும் இல்லாத ஒரு வறண்ட சூடு; அந்தச் சூடு மூக்கில் ஏறியதும் அம்மா, கேக் மாவு ஊற்றிய தகர டப்பாவை மணலுக்குள் பாதி புதைத்து, அகலமான தட்டால் மூடி, தட்டின்மேல் நாலைந்து கங்குகளை எடுத்து வைப்பாள். கொஞ்ச நேரத்தில், கருகக் காய்ச்சிய சர்க்கரையும் ஜாதிக்காயும் ஆரஞ்சுத் தோலும் ஒன்றாகி எழும் வாசம் எங்கள் சந்து முழுக்கப் பரவும். தாராவியில் அது சின்னக் காரியம் இல்லை. பக்கத்திலேயே தோல் பதனிடும் கொட்டகைகள் இருந்தன. அந்த நாற்றத்தையே பின்னுக்குத் தள்ளிய வாசம் அது.

அறுபதுகளில் நாங்கள் அங்கே ஒற்றை அறையில் குடியிருந்தோம். அறையை எல்லாரும் 'கோலி' என்பார்கள், அதன் மூலையில் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் கட்டியிருந்த சின்னத் தொட்டியை 'மோரி' என்பார்கள், கரி அடுப்பு 'சிக்ரி'. அப்பாவுக்கு மாட்டுங்காவில் ரயில்வே பட்டறையில் வேலை. அம்மாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எனக்கு ஒன்பது. வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை.

அம்மா பாளையங்கோட்டையில் போர்டிங்கில் படித்தவள். அங்கே கற்ற கைவேலை எல்லாவற்றையும் அந்த ஒற்றை அறைக்குள் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். மைதா வந்த சாக்குத் துணியைத் துவைத்து வெளுத்துத் தலையணை உறை தைத்து, அதில் கிளி இரண்டைப் பூத்தையலில் உட்கார வைப்பாள். பட்டம் செய்கிற காகிதத்தில் கிறிஸ்மஸ் பண்டிகைக்கு நட்சத்திரம் ஒட்டுவாள். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் ஊரில் செய்வதுபோலவே வரவேண்டும் என்று பாசிப்பயறைத் தன் கண்முன்னால் திரிக்கச் சொல்லி வாங்கி வருவாள். எல்லாவற்றுக்கும் மேலே அவளுக்குப் பிடித்தது 'குரோஷா'. கொக்கி போட்ட ஒற்றை ஊசியும் வெள்ளை நூலும் இருந்தால், அவள் மடியிலிருந்து பூவும் இலையும் இறங்கி வரும்.

நான் அவள் மகள். ஆனால் என் உள்ளங்கை வேர்க்கும். வெள்ளை நூலை நான் எடுத்தால் நாலு கண்ணி போடுவதற்குள் நூல் சாம்பல் நிறமாகிவிடும். இரண்டு மூன்று தரம் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டு, அம்மா கோபமே இல்லாமல், "ஒனக்கு வேர்க்குற கைட்டி. நூலத் தொடாத" என்று சொல்லிவிட்டாள். கோபத்தோடு சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் சுடலி வந்தாள். இரண்டு சந்து தள்ளி இருந்த இசக்கி பெரியம்மாவின் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எங்களைப்போலவே அவர்களும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். ஆனால் நாங்கள் கோயில் என்று சொல்லும் சர்ச்சுக்கு வருகிறவர்கள் அல்ல, சுடலைமாடனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பெரியம்மா விடிந்ததும் வடாலா உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டு விளக்கு வைக்கிற நேரத்தில்தான் திரும்புவாள். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அதுவரைக்கும் அவள் பெண் தனியாக இருக்கவேண்டாம் என்று அம்மாதான் எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள்.

வந்த முதல் வாரம் சுடலி வாசலோரம் உட்கார்ந்து அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் அம்மா ஊசியைக் கொடுத்தாள். மூன்றாவது வாரம், இசக்கி பெரியம்மா அழைத்துப் போக வந்தபோது, அம்மா அவளிடம், "யக்கா, ஒங்க பிள்ளைக்குக் கை எப்படி ஓடுதுன்னு பாருங்க. நான் அஞ்சு வருஷம் படிச்சத அஞ்சு நாள்ல பிடிச்சிட்டா" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

பொறாமை என்பதை நான் அந்த ஒரு பருவத்தில் முழுதாகப் படித்து முடித்தேன். சுடலி அம்மாவைச் 'சித்தி' என்று கூப்பிடுவாள். அதற்குள் அம்மா என்கிற பொருளும் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து அந்தச் சொல்லே ஆகாமல் போயிற்று. கேக் மாவு கலக்கிய பாத்திரத்தை வழித்துத் தின்னக் கொடுக்கும்போது அம்மா நடுவில் விரலால் ஒரு கோடு கிழிப்பாள், இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. எப்போது பார்த்தாலும் அந்தப் பக்கம்தான் பெரிதாகத் தெரியும். சாயங்காலம் அப்பா குளித்து வந்ததும் குடும்ப ஜெபம் நடக்கும். பாயில் நாங்கள் மூவரும், வாசலோரம் காலை மடக்கிக்கொண்டு, தாய் வந்த பிறகும் ஜெபம் முடித்தே போகிற சுடலியும். பாட்டு அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தது. அப்பா ஜெபிக்கும்போது என் பெயருக்கு அடுத்து அவள் பெயரையும் சொல்வார். கண்ணை மூடியிருக்கவேண்டிய நேரத்தில் நான் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் ஒழுங்காக மூடியிருப்பாள்.

அந்த வருஷம் கோயில் மேசைக்கு ஒரு புது விரிப்பு செய்து தருவதாக அம்மா எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொல்லியிருந்தாள். துணியைச் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்கு லேஸ், அதில் வரிசையாகத் திராட்சைக் குலைகள். காலையில் சமையல் முடிந்து அம்மா பின்னுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து சுடலி பின்னுவாள். ஒருத்தி விட்ட கண்ணியில் மற்றவள் தொடங்குவாள். எழுந்து போகும்போது கடைசிக் கண்ணியில் ஓர் ஊக்கைக் குத்திவிட்டுப் போகவேண்டும், இல்லாவிட்டால் நூல் உருவிக்கொண்டுவிடும். இதை அம்மா சுடலியிடம் தினமும் சொல்வாள், சுடலியும் தினமும் குத்துவாள்.

அம்மா போர்டிங்கில் பரிசாக வாங்கிய எஃகு ஊசி ஒன்று இருந்தது. பெரியவளானதும் எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். பண்டிகைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, சுடலியின் ஊசியில் பிசிர் தட்டி நூல் சிக்குகிறது என்று, அம்மா அந்த எஃகு ஊசியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "நீயே வச்சுக்க" என்றாள். என்னை ஒரு பார்வை பார்க்கவில்லை. மறந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் சுடலி சீக்கிரமே கிளம்பிய பிறகு, அப்பா வருவதற்கு முன் அம்மா குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். வரிசை நீளம், திரும்ப நேரமாகும். நான் கூடையிலிருந்து லேஸை எடுத்தேன், ஊக்கைக் கழற்றினேன், நூலை இழுத்தேன். சுடலி அன்று பின்னியதை மட்டும் உருவிவிடவேண்டும் என்பதுதான் எண்ணம், சத்தியமாக அவ்வளவுதான். ஆனால் அவள் பின்னியது எங்கே முடிகிறது, அம்மா பின்னியது எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு குலை போயிற்று. இது அவளுடையது என்று நினைத்தேன். அடுத்ததைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே இறுக்கம், அதே வளைவு. அம்மாவின் கையை எனக்கு அடையாளம் தெரியவில்லையே என்கிற ஆத்திரத்தில், தெரிகிறவரைக்கும் இழுப்பது என்று இழுத்துக்கொண்டே போனேன். கண்ணி கண்ணியாக அது அவிழும் சின்னச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தியபோது மடியில் சுருள் சுருளாக நூல்; பதினோரு குலைகள் இல்லை.

அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தபோது, பூனை வந்து இழுத்தது என்றேன். சுடலி ஊக்கைக் குத்தாமல் போயிருப்பாள் என்றும் நானே சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் சுடலி வந்ததும் அம்மா அவளை ஏசினாள். குரலை உயர்த்தவில்லை, இத்தனை நாள் சொல்லியும் ஒரு ஊக்குக் குத்தப் புத்தியில்லையா, கோயில் காரியம் என்றால் விளையாட்டா என்று கேட்டாள். சுடலி கூடையைப் பார்த்தாள். கூடையின் விளிம்பில் ஊக்கு பூட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது, நான்தான் பழக்கத்தில் அப்படிப் பூட்டி மாட்டியிருந்தேன். பிறகு என்னைப் பார்த்தாள். எஃகு ஊசியைப் பாயில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் இசக்கி பெரியம்மா உப்பு படிந்த காலோடு நேரே எங்கள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை.

"எம்பிள்ள ஊக்குக் குத்திட்டுத்தான் வந்தேன்னு சொல்லுதா, மேரி. அவ பொய் சொல்லுத பிள்ள இல்ல. ஒனக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இரவு ஜெபத்தில் அப்பா வழக்கம்போலச் சுடலியின் பெயரைச் சொன்னார். அம்மா அழுதது எனக்குக் கேட்டது.

அடுத்த நாள் பள்ளிக்கு விடுமுறை. அம்மா தனியாக உட்கார்ந்து பின்னினாள். பழைய நூல் சுருண்டு சுருண்டு வந்தது. ஊசி பட்டுப் பட்டு விரல் நுனி சிவந்திருந்தது. நான் ஆசைப்பட்டது அதுதான், அம்மாவும் நானும் மட்டும். கூட உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, நூலைப் பார்த்தபடியே, "அந்தப் பிள்ளைய நான் ஏசியிருக்கக் கூடாதோட்டி?" என்று கேட்டாள். அவள் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாந்தான் இழுத்தேன்" என்றேன்.

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா ஊசியைக் கீழே வைத்தாள். "எவ்வளவு நேரம் இழுத்த?" என்று கேட்டாள். ரொம்ப நேரம் என்றேன். அவள் என் இரண்டு கைகளையும் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள், எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து முகம் கழுவி, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

இசக்கி பெரியம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. என்னை மன்னிப்புக் கேட்க வைப்பாள் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மா என்னைக் கதவோரம் விட்டுவிட்டு, தரையில் சுடலிக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் தலைமேல் கையை வைத்தாள்.

"ஒன்னக் கேக்காம ஏசிட்டேன் பிள்ள. தப்பு என் பேர்ல. சித்திய மன்னிச்சிரு."

பதினோரு வயதுப் பிள்ளையிடம், அவள் தாய் முன்னால், அம்மா அப்படிக் கேட்டாள். என் பெயரைச் சொல்லவே இல்லை. என்னைக் காப்பாற்றினாள் என்று நான் நன்றியோடு இருந்திருக்கவேண்டும். நானோ, அம்மா என்னிடம் ஒருநாளும் இப்படி மன்னிப்புக் கேட்டதில்லையே என்று கதவோரம் நின்று வெந்துகொண்டிருந்தேன்.

சுடலி வந்தாள். பண்டிகைக்கு முந்தின மத்தியானம்வரை இருவரும் மாற்றி மாற்றிப் பின்னினார்கள். ஒரு முழம் குறைந்தது; குறைந்த பக்கத்தைச் சுவரோரம் வருகிற மாதிரி விரித்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். மாதர் கூட்டத்தை நடத்திவந்த அம்மாள், யார் செய்தது என்று கேட்டாள். "நானும் சுடலியும்" என்றாள் அம்மா. அந்த அம்மாளுக்கு முகம் மாறியது. சுடுகாட்டுச் சாமி பெயரைக் கோயிலில் வாசித்தால் நன்றாயிருக்காது, மேரி குடும்பத்தார் கொடுத்தது என்று மட்டும் வாசிக்கச் சொல்லலாம் என்று நயமாகவே சொன்னாள்.

"அவ பேரு வாசிக்கக் கூடாதுன்னா மடிச்சித் தாங்கம்மா, வீட்டுக்குக் கொண்டு போயிருதேன்" என்றாள் அம்மா.

விடிந்தால் பண்டிகை, மேசைக்கு வேறு விரிப்பு இல்லை. மறுநாள் ஆராதனையில் ஐயர் இரண்டு பெயரையும் வாசித்தார். சுடலி, அம்மா தைத்துக்கொடுத்த பாவாடையில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் வாயைத் திறக்கும் நேரத்தில் விளக்கு அணையட்டும், மழை கொட்டட்டும், அந்தப் பெயர் மட்டும் வராமல் போகட்டும் என்று நான் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு உருக்கமாக நான் அதற்குப் பிறகு ஜெபித்ததில்லை.

தை பிறந்த பிறகு ஒருநாள் குழாயடியில் சுடலி என் பக்கத்தில் குடத்தை வைத்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

"இழுக்கும்போது, எது என் கைன்னு தெரிஞ்சுதா?"

"தெரியல."

அவள் முகத்தில் வந்த சிரிப்பை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை.

அந்தச் சந்து இப்போது இல்லை. கோலிகள் இருந்த இடத்தில் ஏழு மாடிக் கட்டடம் நிற்கிறது; தோல் கொட்டகைகள் போய்விட்டன, நாற்றமும் போய்விட்டது; இசக்கி பெரியம்மா வேலை பார்த்த உப்பளத்தின் மேலே எதையெதையோ கட்டிவிட்டார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குப் பாய் விரித்துக் கண்ணை மூடுகிற வழக்கம் என் வீட்டிலேயே நின்றுபோய் வெகுநாளாகிறது. அப்பா போனார். சில வருஷங்களுக்கு முன் செம்பூரில் என் வீட்டில் அம்மாவும் போனாள்.

அன்று சுடலி, தான் குடியிருக்கும் ஐரோலியிலிருந்து முதல் ஆளாக வந்துவிட்டாள். யாரும் சொல்லாமலே அம்மாவுக்குச் சேலை மாற்றினாள், தலை வாரினாள், தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் அழுதுகொண்டே இருந்தாள். அடக்க ஆராதனை நடத்த வந்த ஐயர் சின்ன வயதுக்காரர், எங்களுக்குப் புதியவர். குறிப்பு எழுதக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சுடலியைப் பார்த்து, அம்மாவுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து நான் சொன்னேன்.

"ஒரே மகள்தான். நான்."

எனக்கு அப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. சுடலி நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, அம்மாவின் தலைமாட்டில் எனக்கு இடம் விட்டாள்.