உச்சி வானத்து வெள்ளை வட்டம்

சித்திரை மாதத்து ஒரு காலை, மணி ஒன்பது இருக்கும். வேம்பார் உப்பளத்தில், குவித்து வைத்த உப்பின் அருகே நின்று அத்தான் அண்ணாந்து பார்க்கிறார். அவர் முகம் மாறுகிறது. "ஏளா, சூரியன் கோட்டை கட்டிட்டு! தார்ப்பாய எடு!" என்று கத்துகிறார். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். நான் நாசரேத்தில் அறிவியல் டீச்சர். சூரியனைச் சுற்றி விழும் வளையங்களைப் படம் பிடிக்கும் பைத்தியம் எனக்கு உண்டு. கட்டிடமும் மரமும் மறைக்காத வானத்துக்காகவே லீவு விட்டதும் வேம்பாருக்குப் பஸ் ஏறிவிடுவேன். ஆனால் நான் தவம் கிடக்கும் அதே வளையம்தான் அத்தான் சொல்லும் 'கோட்டை'; அவருக்கு அது மழை அறிகுறி. மழை பெய்தால் உப்பு கரைந்துவிடும். அதனால் நான் படம் பிடிக்க வேண்டிய நேரமெல்லாம் அவருக்கு ஆள் தேவைப்படும் நேரமாகவே வந்து தொலைத்தது. உயரத்து மேகத்தில் இருக்கும் பனித்துகள்களில் ஒளி படுவதால் வருவது அது, கட்டாயம் மழை பெய்யும் என்றில்லை என்று எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். "நீ படிச்சவ, சொல்லுத. கரையப் போறது யார் உப்பு?" என்பார்.

அன்று வந்தது வழக்கமான வளையம் மட்டுமல்ல. அதோடு, சூரியன் வழியாகவே ஓடி உச்சி வானத்தைச் சுற்றிவந்த முழு வெள்ளை வட்டம் ஒன்றும் இருந்தது. வருடக்கணக்கில் நான் காத்திருந்தது அதற்காகத்தான். "அத்தான், ஒரே நிமிஷம், எனக்கு முன்னால வந்து நில்லுங்க" என்று கெஞ்சினேன்.

"போட்டோவுக்கு நிக்கிற நேரமாளா இது? அந்த முனையப் புடி!"

பிடித்தேன். வேறென்ன செய்வது, அக்கா வீட்டுச் சோறு அந்த உப்பில்தான். காற்று தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. நான் குனிந்து கடைசிக் கயிற்றையும் கட்டி நிமிர்ந்தபோது வானம் வெறுமனே வெளுத்துக் கிடந்தது. வட்டமும் இல்லை, வளையமும் இல்லை. மழையாவது வந்ததா? அந்த வாரம் முழுக்க ஒரு சொட்டு விழவில்லை. மூன்று நாள் அத்தானிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஊருக்குத் திரும்பும் அன்று பஸ் நிறுத்தம்வரை வந்தவர், தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினார். "நீ கயிறு கட்டிட்டு இருக்கும்போது ஒனக்காவ ஒண்ணு எடுத்தேன்ளா. விழுந்திருக்கா பாரு."

திரை முழுக்க வெள்ளை. சூரியனுக்கு நேராகப் பிடித்திருந்தார். "ஒண்ணும் விழல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வளையங்களை எடுத்துவிட்டேன், அந்த வெள்ளை வட்டம் மட்டும் மறுபடி அகப்படவில்லை. அத்தானும் இப்போது இல்லை. அன்றைய கோபத்தில் பாதியை இன்னும் அவர்மேல் வைத்திருக்கிறேன், மீதி என்மேல்தான். எதையாவது கொண்டு சூரியனை மறைத்தால்தான் வட்டம் படத்தில் விழும். நான் தரையில் உட்கார்ந்து எடுத்தால் அதற்கு அவர் தலை ஒன்றே போதும் என்றுதான் நிற்கச் சொன்னேன். அதை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவேயில்லை.