கொதிக்கிற வண்டியில் பூந்தமல்லி வரை

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான் வளர்த்தது ஆறு பிள்ளைகள். நான் பெற்றது நான்கு, நாத்தனார் விட்டுவிட்டுப் போனது இரண்டு. எழுத்துக் கூட்டப் பழகியது நாற்பது வயதுக்கு மேல். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன், நீங்களும் மெதுவாகத்தான் படிக்க வேண்டும். பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லி சுமார் பதினான்கு கிலோமீட்டர். முக்கால் மணி நேர வழி. எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆனது. அந்த வழியாகப் போகாதவர்களுக்காக எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்குக் கிளம்பினோம். நானும் என் இரண்டாவது மகன் ஏகாம்பரமும். வண்டி அவன் அந்த வாரம் வாங்கியது. வெள்ளை கார், ஒன்பது வருடம் யார் யாரோ ஓட்டியது. எங்கள் குடும்பத்தில் கார் வாங்கிய முதல் ஆள் அவன்தான். திருமழிசை எஸ்டேட்டில் இருபது வருடம் லேத் ஓட்டினான். இப்போது வேலையை எழுதிக் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமையிலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸில் நான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு போய் வேலைக்கு விடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். வண்டியோ மூன்று நாளாகக் கொதிக்கிறது.

விற்றவர் கன்னியப்பன். பூந்தமல்லியில் பழைய வண்டி வியாபாரம். "ஏழு நாளைக்குள்ள எதுனா தகராறுன்னா வண்டிய கொண்டாந்து வுட்டுட்டு உன் பணத்த எடுத்துக்கினு போ" என்று வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அன்று ஏழாம் நாள்.

நான் எதற்குப் போனேன் என்றால், "நீ கூட வாம்மா. உன் எதிர்ல அந்தாளு சவுண்டு உடமாட்டான்" என்று மகன்தான் கூப்பிட்டான். உண்மைதான். என் எதிரில் குரலை உயர்த்தியவர்கள் குறைவு.

எட்டு ஐம்பதுக்கு ஆவடி. மார்க்கெட் பக்கம் வண்டிகள் நகரவில்லை. மல்லி முழம் நாற்பது ரூபாய் என்று கூவினார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சூட்டைக் காட்டும் முள் ஒன்று இருக்கிறது; அது ஏற ஏற என் மகனின் முகம் இறங்கிக்கொண்டே வந்தது. ஏ.சி.யை நிறுத்தினான். கண்ணாடியை இறக்கினான். பிறகு ஹீட்டரைப் போட்டான். இஞ்சின் சூட்டை அது உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். வெளியே வெயில், உள்ளே அடுப்பு. என் முட்டி இரண்டும் வெந்தன.

பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா மாமே, பானட்டுக்குள்ள இட்லி வச்சுக்கினு போறியா? ஆவி வந்துடுச்சு, எறக்கு!"

"வந்து ரெண்டு துன்னுட்டுப் போ நைனா, சட்னிதான் இல்ல" என்றேன் நான். அவர் வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை.

ஒன்பதரைக்குப் பருத்திப்பட்டு ஏரி. அங்கே வண்டி நின்றேவிட்டது. ஏரி பெரியது, தண்ணீரும் இருந்தது. நடைப் பயிற்சி முடித்தவர்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது ரூபாய். நாங்கள் ஒன்று வாங்கி இருவரும் குடித்தோம். அரை மணி நேரம் ஆறவிட்டு, ஈரத் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினான். மிச்சமிருந்த ஆவி புஸ்ஸென்று கிளம்பி என் பக்கம் அடித்தது.

மஞ்சள் வாசனை. வேகவைத்த மஞ்சள்.

இதை நான் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். வண்டி வந்த மூன்றாம் நாள் வீட்டு வாசலில் பூஜை போட்டோம். இஞ்சினுக்குக் குங்குமம் வைக்க முன்பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். பூஜை முடிந்ததும் சொம்பில் மஞ்சள் தண்ணீர் மிச்சம், வேப்பிலையோடு. அதைக் கால் படுகிற இடத்தில் கொட்டக் கூடாது. செடிக்கு ஊற்றுவதுதான் வழக்கம். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, சுற்றிலும் சிமெண்டுத் தரை, செடி ஏது? வண்டிக்குத் தண்ணீர் ஊற்றும் வாய் இதுதான் என்று வாங்கிய அன்று கன்னியப்பன் காட்டியது எனக்கு நினைவிருந்தது. இஞ்சின் ஆறிக் கிடந்தது. மகன் தேங்காயைப் பங்கு போட மாடிக்குப் போயிருந்தான். மூடியைத் திருகி ஊற்றினேன். அரைச் சொம்பு இறங்கியது. வண்டிக்கு நல்லது என்றுதான் செய்தேன்.

ஏரிக்கரையில் அந்த வாசனை வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

பத்தரைக்குக் கிளம்பி கூவம் பாலத்தருகே ஒரு தரம், சென்னீர்குப்பத்தில் ஒரு தரம் நின்றோம். இரண்டு இடத்திலும் டீ பதினைந்து ரூபாய். பன்னிரண்டேகாலுக்குப் பூந்தமல்லி.

கன்னியப்பன் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே மெக்கானிக் பாய் கடை. எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாய் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். விரல் மஞ்சளாக இருந்தது. மோந்து பார்த்தார்.

"மஞ்சத்தூளு. ஓட்ட ரேடியேட்டர்ல இத போட்டுட்டா ஒழுக்கு நிக்கும். அந்தக் காலத்து லாரிக்காரங்க வேல."

அவ்வளவுதான். ஏகாம்பரம் கன்னியப்பன் மீது பாய்ந்தான்.

"மஞ்சாத்தூள போட்டு ஓட்டைய மறைச்சு என் தலைல கட்டிட்டியா? வேலைய வுட்டுட்டு வந்து நிக்கிறேன்யா நானு! எண்ணி வை பணத்த!"

"தோ பாரு தம்பி, வாய்க்கு வந்தத பேசாத. இருவது வருசமா இதே எடத்துல கடை வச்சிருக்கேன்."

"இருவது வருசமா இதே வேலதான் பண்ணிக்கினு கீறியா?"

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். வண்டி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் மெதுவாக வெளியே நடந்தது. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருந்தால் பணம் திரும்பி வரும், மகன் வேறு வண்டி வாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்க ஒன்றும் இல்லை.

கன்னியப்பன் கல்லாவுக்கு மேலே சாமி படத்தடியிலிருந்து கற்பூரம் எடுத்து வந்தார். "கொளுத்துறேன். நான் போட்டிருந்தா என் குடும்பம் வெளங்காது. அடிச்சு அணைக்கிறேன், பார்த்துக்கோ."

"தள்ளி ஏத்துப்பா, பெட்ரோல் வண்டி!" என்றார் பாய்.

தள்ளிப் போய்த் தரையில் ஏற்றினார். கற்பூரம் எரிந்தது. குனிந்து கையை ஓங்கினார். கை பின்வாங்கவில்லை. பொய்ச் சத்தியம் செய்கிறவன் கையா அது?

"அணைக்காத நைனா," என்றேன். "மஞ்சா தண்ணி ஊத்துனது நானு. பூஜ தண்ணி."

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. "இப்பதான் நெனப்பு வந்துச்சு" என்று நானே சேர்த்துச் சொன்னேன்.

பாய் அடிக் குழாயைக் கழற்றினார். உள்ளே வழியை அடைத்திருந்த மஞ்சள் கட்டி கட்டியாக வந்தது. கடைசியில் வேப்பிலை, முழுசாக. "வண்டிக்கு அம்மை போட்டுச்சாம்மா?" என்றார். மற்ற நாளாக இருந்தால் பதில் கொடுத்திருப்பேன்.

ஹோஸ் பைப் வைத்து ஐந்து தரம் கழுவினார். ஒரு மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பாதியைத் தாண்டவில்லை. "சூட்டுல இஞ்சின் ஹெட்டு வளையல. தப்பிச்சுது" என்றார் பாய்.

கன்னியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஏழு நாளு இன்னும் முடியல. வேணான்னா இப்பகூட வுட்டுட்டுப் போ தம்பி."

ஏகாம்பரம் தரையைப் பார்த்தபடி, "இல்ல அண்ணாத்தே, எடுத்துக்கினே போறேன். தப்பா பேசிட்டேன்" என்றான். நான் பேச வேண்டியதை அவன் பேசினான்.

மூன்றே முக்காலுக்குத் திரும்பினோம். வண்டி நன்றாக ஓடியது. ஏ.சி. போட்டான். காலையில் நின்ற இடங்களையெல்லாம் நிற்காமல் தாண்டினோம். ஏரி தெரிந்ததும் அவன் கேட்டான்.

"ஏம்மா, நெசமா அங்க வந்துதான் நெனப்பு வந்துச்சா?"

நான் வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவனும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. நாலரைக்கு வீடு.

எத்தனையோ ஊருக்குப் போய் வந்திருக்கிறேன், பஸ்ஸில், ரயிலில், நடந்தும். இவ்வளவு அலுப்பு ஒரு நாளும் இருந்ததில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளை விடிந்தால் அவன் அந்த நான்கு பெண்களை ஏற்றப் போகிறான். இப்போது கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். அவனுக்கு நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கை வந்தது.

கீர்த்தனா, இங்கே வாடி. உன் ஆயா எழுதியதைப் படித்துக் காட்டு. எழுத்துத் தப்பு இருந்தால் இருக்கட்டும். ஏரிக்கரை வருகிற இடத்தில் மட்டும், உன் அப்பனுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படி.