கோபுரம் மஞ்சளா, வெள்ளையா: திருவண்ணாமலையில் இரண்டு கேமராக்கள்

முதலில் மன்னித்துவிடுங்கள். கேமராவைப் பற்றி எழுதும் அளவுக்கு எனக்கு விவரம் போதாது. நான்கு பேர் முன்னால் பேசச் சொன்னாலே பின்வரிசைக்குப் போய்விடும் ஆள் நான். ஆனாலும் பழைய டிஜிட்டல் கேமராவையே வைத்துக்கொள்வதா, புதியதற்கு மாறுவதா என்று குழம்புகிறவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கீழ்பென்னாத்தூர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அப்பா ரமணாசிரமம் பக்கம் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர், ஊருக்குத் திரும்பும்போது தன் சின்ன கேமராவை அவரிடம் விற்றுவிட்டுப் போனார். பத்து மெகாபிக்சல். மெனு முழுக்க ஜெர்மன் மொழி. "கண்ட பட்டனத் தொட்டீங்கன்னா பாழாயிடும்" என்று அப்பா சொல்லிவிட்டதால், படம் எடுக்கும் பட்டனைத் தவிர வேறெதையும் நாங்கள் அமுக்கியதில்லை. அந்தப் படங்களில் எல்லோரும் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தவர்கள் போல இருப்போம். ராசியான கேமரா என்று சொந்தக்காரர்கள் விசேஷங்களுக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், இருபத்து நான்கு மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பொங்கலுக்கு வீட்டுக்கு எடுத்துப் போய், முதல் படமாக அம்மாவை எடுத்து, பெரிதாக்கிக் காட்டினேன். வெயிலில் களையெடுத்துக் களையெடுத்து அம்மாவின் கன்னத்தில் கருந்திட்டாக மங்கு விழுந்திருக்கிறது. பழைய கேமராவில் அது தெரிந்ததே இல்லை.

"இன்னாடி இது, மூஞ்சியெல்லாம் கருப்பா? இதுவா நானு?"

அன்றிலிருந்து அந்த கேமராவைக் கண்டாலே அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார். அடுத்த மாதம் தங்கைக்கு நிச்சயதார்த்தம். "நீங்க நின்னு எடுத்துக்குங்க, நான் சாப்பாட்டுப் பக்கம் பாத்துக்கறேன்" என்று இப்போதே சொல்லிவிட்டார். பெண்ணைப் பெற்றவர் இல்லாமல் ஒரு நிச்சயதார்த்தப் படமா? இரண்டு கேமராவிலும் அம்மாவை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்தேன். கிரிவலம் என்று கூப்பிட்டால் மறுக்கமாட்டார்.

காலை 5.50க்கு டவுன் பஸ். சுமார் இருபது கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 6.45க்கு இறங்கி, 450 ரூபாய்க்கு ஆட்டோ பேசினோம். பதினான்கு கிலோமீட்டர் சுற்று, வேண்டிய இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது பேச்சு.

"சாமிய சுத்தறதுக்கு ஆட்டோல போறவ நீ ஒருத்திதான்டி" என்றார் அம்மா.

"நீங்களுந்தான் உக்காந்துட்டு வர்றீங்கக்கா" என்றார் டிரைவர்.

7.10க்குக் கிழக்குக் கோபுரம். வெயில் நேராகக் கோபுரத்தில் விழும் நேரம் இது. ஒரே இடத்தில் நின்று இரண்டிலும் எடுத்தேன். பழையதில் பொம்மைகளின் முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்திருந்தன, வானம் வெறும் காகிதமாக வெளுத்திருந்தது. புதியதில் ஒவ்வொரு முகமும் தனித்தனியாகத் தெரிந்தது, மேகத்தின் விளிம்புகூட இருந்தது. ஆனால் அழகு என்னவோ பழையதுதான். அதில் கோபுரம் சந்தன நிறத்தில் ஜொலித்தது. டிரைவர் இரண்டு திரையையும் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல மஞ்சளா கீது, அதுல வெள்ளையா கீது. எது நெஜம்?"

மூவரும் அண்ணாந்து பார்த்தோம். கோபுரம் வெள்ளையாக இருந்தது.

அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அடி அண்ணாமலை கிராமம் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது (டீ 15 ரூபாய்), பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாகப் பழைய கேமராவின் மெனு பட்டனை அமுக்கினேன். ஜெர்மன் புரியவில்லை. ஆனால் ஓரிடத்தில் வரிசையாகச் சின்னப் படங்கள்: சூரியன், மேகம், பல்பு. எந்த வெளிச்சத்தில் எடுக்கிறோம் என்று கேமராவுக்குச் சொல்லும் இடம் அது. மேகத்தில் நின்றிருந்தது. ஏதோ ஒரு மழை நாளில் அந்த ஜெர்மன்காரர் வைத்திருக்க வேண்டும். மேகமூட்டத்தில் படம் நீலம் பாயாமலிருக்க, கேமரா தானாகக் கொஞ்சம் மஞ்சள் சேர்க்கும். சித்திரை வெயிலிலும் நாங்கள் மேகத்திலேயே படம் எடுத்திருக்கிறோம். ராசி, கீசி எல்லாம் அதுதான்.

சூரியனுக்கு மாற்றி மலையை எடுத்தேன். இரண்டு கேமராவிலும் ஏறக்குறைய ஒரே நிறம். செம்மண் சிவப்பு மட்டும் பழையதில் இன்னும் ஒரு பிடி ஜாஸ்தி. பிறகு புதியதை மேகத்துக்கு மாற்றி, வேப்பமரத்துப் பக்கம் வெயிலில் அம்மாவை நிற்க வைத்து எடுத்தேன். அந்தப் பழைய மஞ்சள் பளபளப்பு அப்படியே வந்தது. மங்கும் அப்படியே இருந்தது. எனக்குக் காட்ட மனமில்லை.

"குடு இங்க" என்று அம்மாவே வாங்கிக்கொண்டார். பெரிதாக்கும் சக்கரத்தைத் திருகித் திருகிக் கன்னத்தைத் தேடினார். திரை மூக்கில் போய் நின்றது. அம்மாவின் கை நின்றது.

"ஏய், கல்லு தனித்தனியா தெரியுதுடி!"

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிய கூலியைச் சேர்த்து வைத்து அம்மா வாங்கிய மூக்குத்தி அது. பழைய படங்களில் அது ஒரு வெள்ளைப் புள்ளிதான். பெங்களூரில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, போனில் வரும் அந்தப் படங்களைப் பார்த்தே "ஒத்தக் கல்லு, அதுவும் கண்ணாடி" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

"மங்கு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இருந்துட்டுப் போவுது. வெயில்ல நிக்காமயா கல்லு வந்துச்சி? நிச்சயத்துக்கு இதுலயே எடு. கிட்ட வந்து எடு."

9.20க்குச் சுற்று முடிந்தது. டிரைவர் பத்து ரூபாய்கூட அதிகம் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் கேமராவைத் தூக்கவே முடியாது. கோபுரத்துக்குக் காலை ஏழு முதல் எட்டு மணி வெளிச்சம் நல்லது. உள்ளே படம் எடுக்க முடியாது, எல்லாம் வெளியிலிருந்துதான். பழைய கேமராவை விற்கும் முன்போ புகழும் முன்போ அதன் மெனுவை ஒருமுறை திறந்து பாருங்கள். நிறத்தை மாற்றிக்கொள்ளலாம், நுணுக்கத்தைப் பிறகு சேர்க்க முடியாது. நான் பழையதை விற்கப் போவதில்லை. அது சட்டைப் பையில் அடங்குகிறது. தங்கையும் கேட்கிறாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டும், கூச்சமாக இருந்தது. இந்தப் பதிவை அத்தையும் படிப்பார். கீழே இருக்கும் படத்தை நன்றாகப் பெரிதாக்கி, அம்மாவின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணி, பின்னூட்டத்தில் எழுதிவிட்டுப் போங்கள். பெற்ற பெண் நான் சொன்னால் அத்தை நம்பமாட்டார்.