தண்ணீர் படக்கூடாத சட்டை

எங்கள் பக்கத்து வீட்டு வேளாங்கண்ணி அக்கா நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கன்னியாகுமரி லாட்ஜுகளில் தங்குபவர்களின் துணிகளை வாங்கி வந்து துவைத்துக் கொடுப்பார். எந்தத் துணியானாலும் முதலில் காலரைத் திருப்பி, உள்ளே தைத்திருக்கும் சின்னத் துண்டில் அச்சிட்ட குறிகளைப் பார்ப்பார். தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மெதுவாக அலச வேண்டும். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் பிளீச்சிங் பவுடர் ஆகாது. தொட்டியின் மேலேயே பெருக்கல் குறி என்றால் தண்ணீரே படக்கூடாது. நான் பிளஸ் டூ முடித்து வீட்டில் சும்மா இருந்த 2011இல் இதையெல்லாம் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் கணவர் யூஜின் அண்ணன் பஹ்ரைனில் ஓர் அரபியின் படகில் மீன்பிடிக்கப் போயிருந்தார். படகு ஆளில்லாமல் மிதந்து வந்தது. எட்டு மாதமாகத் தகவல் இல்லை. அந்தப் படகில் கிடந்தது என்று ஒரு நீலச் சட்டையை யூஜின் அண்ணனின் தம்பி அனீஷ் கொண்டுவந்தார். அண்ணனுடையது என்று அக்கா சொல்லிவிட்டால் கோயிலில் இறந்தவருக்கான பூசை வைக்கலாம் என்றார்.

அக்கா காலரைத் திருப்பினார். தொட்டியின் மேல் பெருக்கல் குறி.

“கடல்ல கெடக்க ஆளுக்குத் தண்ணி படாத்த சட்டைய நான் வாங்கிக் குடுப்பனா? இது அவருக்க சட்ட இல்ல. அவரு இருக்காரு.”

சட்டையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று கொடியில் போட்டு வைத்தார். மதியம் மொடமொடவென்று காய்ந்திருக்கும். பொழுது சாய்ந்தால் ஈரமாகிவிடும். மழை இல்லாத பங்குனி மாதம் அது. பக்கத்திலேயே தொங்கிய லாட்ஜ் துணிகள் காய்ந்தபடியே இருந்தன. யாரோ தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று நினைத்து ஒருநாள் காவல் இருந்தேன். யாரும் வரவில்லை. துணி தானாகக் கறுத்துக்கொண்டு வந்தது. தொட்ட விரலை நாக்கில் வைத்தேன்; உப்பு.

உப்புதான் காற்றின் ஈரத்தை இழுக்கிறது, நல்ல தண்ணீரில் அலசினால் நின்றுவிடும் என்று அக்காவிடம் சொன்னேன். குறியை மீறித் துவைத்து, உரியவன் வந்து கேட்டால் என்ன சொல்வது என்றார்.

மறுநாள் அவரும் என்னோடு நின்று பார்த்தார். இடது தோளில்தான் முதலில் ஈரம் கண்டது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டை, முதுகுப்பக்கமாக இறங்கியது. வேறெங்கும் இன்னும் நனையவில்லை. அக்கா அந்த இடத்தில் கையை வைத்தார். வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

“எல்லாரும் வலத்த தோள்லதான் வலை சொமப்பாவ. அவருக்கு வலத்த தோள் ஒடிஞ்சது. இடத்த தோள்லதான் சொமப்பாரு.”

பிறகு, சட்டையைப் பார்த்தே மெல்லச் சொன்னார்: “அங்க போய் எடுத்திருக்காரு. குறி பாத்துச் சொல்ல ஆளு இல்லல்லா.”

வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து வந்தார். ஏழு தண்ணீர் மாற்றியும் நீலம் கரைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்தபிறகே கீழே ஊற்றினார்.

அடுத்த நாள் பொழுது சாய்ந்து, விளக்கு வைத்த பிறகும் சட்டை காய்ந்தே கிடந்தது. அக்கா அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பூசைக்குச் சொல்லச் சொல்லி அனீஷுக்குப் போன் போடு மக்கா,” என்றார்.