வாசலுக்குள் போகாத அலுமாரி

எங்கள் வீட்டுக்கு அலுமாரி வருகிற செய்தி, அலுமாரிக்கு முன்பே, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. கந்தப்பளைச் சந்தியில் லொறியைக் கண்ட யாரோ குறுக்குப் பாதையால் ஏறி வந்து சொல்லியிருக்கிறார்கள். நான் அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தேன். வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் ரோட்டுக்கு ஓடினேன். எனக்குப் பின்னால் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஓடிவந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

தீபாவளி முற்பணத்தையும் ஏதோ சீட்டுக் காசையும் சேர்த்து அப்பா அதை வாங்கியிருந்தார். யாரிடமும் சொல்லாமல் நுவரெலியாவுக்குப் போய், தானே பார்த்து, தானே பேசி முடித்திருந்தார். மூன்று கதவு. நடுக் கதவில் தலையிலிருந்து கால் வரைக்கும் கண்ணாடி. அம்மா பல வருடங்களாக ஓர் அலுமாரி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய நல்ல சேலைகளும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்குத் தேயிலைக்கு நடுவே படிகளில் ஏற வேண்டும். லயத்து ஆண்கள் தோள் கொடுத்தார்கள். நான் முன்னால் பின்பக்கமாக நடந்தபடி கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் கண்ணாடிக்குள் மலை ஆடியது, வானம் சரிந்தது, நடுவில் என் ரிப்பன் தெரிந்து மறைந்தது. இன்று என் மகள் படியில் பின்பக்கமாக நடந்தால் என் உயிர் போய்விடும். அன்று எனக்கு யாரும் ஒன்றும் சொன்னதாக நினைவில்லை. எல்லாருடைய கண்ணும் அலுமாரி மேல்தான்.

அம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்து, கையை முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டாள்.

"எதுக்குங்க இவ்வளவு பெருசு?" என்றாள். அப்படிக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அதை உள்ளே கொண்டுபோகும் வேலை தொடங்கியது.

லயத்துக் காம்பராவின், அந்த ஒற்றை அறை வீட்டின், வாசல் எப்படிப்பட்டது என்று அதில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒடுங்கிய தாழ்வாரம், அதற்கு ஓர் அரைச்சுவர், உள்ளே போக ஒரு கதவு. அந்தக் கதவுக்குள் தலையைக் குனிந்துதான் அப்பா போவார். அலுமாரியை நேராகக் கொண்டுபோனார்கள், போகவில்லை. பக்கவாட்டில் திருப்பினார்கள், போகவில்லை. படுக்க வைத்துத் தலைப்பக்கத்தை உள்ளே விட்டார்கள். அது உள்சுவரில் போய் இடித்து நின்றது. திருப்ப இடமில்லை. கொஞ்ச நேரம் அலுமாரியின் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட இரண்டு பேர் சன்னல் வழியாகப் பேசினார்கள்.

எல்லாவற்றுக்கும் கட்டளை கொடுத்தவர் என் மாமா. அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கு லீவில் வந்திருந்தார். "சாய்ங்க மச்சான். இன்னும் சாய்ங்க. நில்லுங்க, நெலையில ஒரசுது," என்று கத்திக்கொண்டே இருந்தார். அவர் மட்டும் அலுமாரியைத் தொடவே இல்லை.

"பேசாம லயத்தத் தூக்கி அலுமாரிக்குள்ள வச்சிருங்கப்பா," என்றார் அடுத்த காம்பராக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

"கொஞ்ச நாளைக்கு இஸ்தோப்புலயே இருக்கட்டும்," என்றார்.

"கொஞ்ச நாள் கழிச்சி வாசல் வளந்திருமா?" என்று கேட்டாள் அம்மா.

எனக்கோ அந்த நாட்கள் திருவிழா மாதிரி இருந்தன. அதுவரை நாங்கள் எங்களைத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தோம், சுவரில் தொங்கும் சின்னக் கண்ணாடியில் முகம் மட்டும். இப்போது முழு உருவமும் தெரிந்தது. என் ஒரு தோள் மற்றதைவிட இறங்கியிருப்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, போகிற பெண்கள் எங்கள் வாசலில் நின்று தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு போனார்கள். வேலை பிந்துகிறது என்று கேள்விப்பட்டு, வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையே பார்க்க வந்தார். முதலில் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டார். பிறகு இஸ்தோப்பை அடைத்து வைப்பது தோட்டத்துச் சட்டத்துக்கு விரோதம் என்றார்.

"அப்போ நெலையக் கழட்டி உள்ள வச்சிட்டு, திரும்ப மாட்டிர்றோம்ங்க," என்றார் மாமா.

"செவுரு தோட்டத்துது. ஒரு ஆணி அடிக்கிறதுன்னாலும் ஆபீஸ்ல கேக்கணும்," என்றார் கணக்கப்பிள்ளை. சீப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குள் மழை தொடங்கிவிட்டது. சாரல் இஸ்தோப்புக்குள் அடித்தது. அப்பா உரச் சாக்குகளைக் கட்டி மூடினார். அப்படியும் அடிப்பலகை ஒரு பக்கம் உப்பிக்கொண்டு வந்தது. அம்மா அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றியில் கை வைக்கிற மாதிரி. இன்னும் ஒரு வாரம் அங்கே நின்றால் அலுமாரி விறகுதான் என்று எனக்கே விளங்கியது.

"கடையிலயே திருப்பிக் குடுத்துருவோம்," என்றாள் அம்மா.

அப்பா வேண்டாம் என்றார். ஆனால் ஏன் என்று சொல்லவில்லை. மாமா துள்ளி எழுந்தார். "நான் பேசுறேன் மச்சான். கடக்காரனுக்கு என்ன பேசணும்னு எனக்குத் தெரியும். நீங்க வாயத் தொறக்காதீங்க, அது போதும்."

அப்படியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரக்கறி லொறி ஒன்றில், வெங்காயத்தாள் வாசம் அடிக்கிற லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே எங்கள் அலுமாரி நின்றது. அதற்கு எதிரே ஒரு முட்டைக்கோவா மூட்டையில் நான் உட்கார்ந்திருந்தேன். அம்மாவை முன்னால் ஏற்றியிருந்தார்கள். அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் அலுமாரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் மாமா, "ஹெமின், ஹெமின்," என்று சிங்களத்தில் டிரைவரை மெதுவாகப் போகச் சொல்வார். டிரைவர் அதைக் கேட்டு இன்னும் வேகமாக ஓட்டுவார். நான் லொறி போகிற திசையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் கண்ணாடிக்குள் விட்டுவந்த பாதைதான் ஓடியது. தேயிலை மலைகள், கோவில் கோபுரம், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பின்னோக்கிப் போய்ச் சின்னதானார்கள். அப்படி ஒரு பயணம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. என் மகளை அப்படி ஏற்றிவிடுவேனா என்று சில நேரம் யோசிப்பேன். மாட்டேன். பஸ்ஸில் அவளைச் சன்னலோரம் உட்கார வைக்கவே இரண்டு தடவை யோசிப்பவள் நான்.

கடை முதலாளி தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக வாசலிலேயே நின்றிருந்தார். அலுமாரி இறங்குவதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கிட்டே வந்து ஒரு கதவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார்.

"இது என்ன லீக்ஸ் வாசம்?"

"புது மரம்ங்க மொதலாளி. மரத்து வாசம்தான்," என்றார் மாமா.

"நான் மரம் விக்கிறவன் தம்பி. லீக்ஸ் திங்கிறவனும்தான்."

பிறகு அவர் குனிந்து அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தார். நிமிர்ந்து, சுவரில் இருந்த பலகையைக் கைகாட்டினார். அந்த வருடம்தான் நான் வாசிப்புப் போட்டியில் பரிசு வாங்கியிருந்தேன். என்னைத்தான் வாசிக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். கைகளைக் கட்டிக்கொண்டு, மேடையில் நிற்பது போல நின்று, கடை முழுக்கக் கேட்கிற குரலில் வாசித்தேன்: விற்ற பொருட்கள் எக்காரணம் கொண்டும் திருப்பி எடுக்கப்படமாட்டாது.

"பாருங்க, மகளே வாசிச்சிட்டா," என்றார் முதலாளி. மாமா என் தோளைக் கிள்ளினார். அம்மாவிடம் இதை இப்போது கேட்டால், நீ வாசிக்கவே இல்லை, எல்லாரையும் போல பேசாமல்தான் நின்றாய் என்கிறாள். ஆனால் அந்தக் கிள்ளல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மாமா விடவில்லை. தானும் கடையில் வேலை செய்கிறவன்தான் என்றும், வாடிக்கையாளர் மனம் நொந்தால் கடைக்கு நல்லதல்ல என்றும், கொழும்பில் வியாபாரமே வேறு மாதிரி என்றும் அடுக்கிக்கொண்டே போனார். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"உங்க கடையில திருப்பி எடுப்பாங்களா தம்பி?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "அங்க நான் சும்மா துணி மடிக்கிறவன்தானேங்க," என்றார்.

கடையாட்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா முன்னால் வந்தாள். அவள் கெஞ்சவில்லை. "எங்க காம்பராவுக்குள்ள போகலீங்க. மழையில ஊறுது. வேற ஒண்ணும் இல்ல. நீங்களே வச்சி யாருக்காவது குடுத்துருங்க. கொறைச்சுக் குடுத்தாலும் பரவாயில்ல."

முதலாளி முதல் தடவையாக அப்பாவைப் பார்த்தார். "நீங்கதானே அண்ணே வந்து வாங்கினது. கதவ அளக்காமலா அலுமாரி வாங்க வந்தீங்க?"

"அளந்துட்டுத்தான் வந்தேன்," என்றார் அப்பா.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா காற்சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். அதில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. ஒன்று அகலத்துக்கு, ஒன்று உயரத்துக்கு. அலுமாரியின் மேல் வைத்துக் காட்டினார். உண்மைதான். அலுமாரி அந்த முடிச்சுகளுக்குள் நிம்மதியாக அடங்கியது. பக்கத்தில் கை நுழைகிற அளவுக்கு இடமும் இருந்தது.

"இது எந்த வீட்டு வாசலண்ணே?"

"பக்கத்துத் தோட்டத்துல புது வீடு கட்டிக் குடுத்திருக்காங்கல்ல. தனித் தனி வீடா. அதே வீடுதான் நமக்கும் தர்றாங்க. லிஸ்ட்ல எங்க பேரும் இருக்கு. அங்க போய் ஒரு வீட்டு வாசல அளந்துட்டு வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு ரூம்," என்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"அலுமாரி வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அப்பறம் எல்லாரும் சிரிச்சாங்க."

புது வீடு. அதுவும் இரண்டு அறை. "அப்போ அலுமாரி எந்த ரூம்லப்பா?" என்று கேட்டேன். அப்பா அங்கேயே நின்று கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். இது வாசல், இது சன்னல், சன்னலுக்குப் பக்கத்தில் அலுமாரி, அப்படி வைத்தால் காலை வெளிச்சம் கண்ணாடியில் விழும். மாமாவும் சேர்ந்துகொண்டு, சன்னலுக்குப் பக்கத்தில் வேண்டாம், மழை அடிக்கும் என்று ஆலோசனை சொன்னார். கடையின் நடுவே, கட்டில்களுக்கும் மேசைகளுக்கும் இடையில், நாங்கள் ஒரு வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தோம். நான் இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு ஓடிப் பார்த்தேன்.

"எப்ப தாறாங்களாம்?" என்று கேட்டார் முதலாளி.

"தைப்பொங்கலுக்குள்ளன்னு தோட்டத்துக் கூட்டத்துல சொன்னாங்க."

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "திருப்பி எடுக்க ஏலாது அண்ணே. எடுத்தா நாளைக்கு ஊரே லீக்ஸ் லொறியில வரும். ஆனா ஒண்டு செய்யலாம். இது உங்க சாமான், என்ட எடம். வீடு கெடைக்கிற வரைக்கும் இங்க கெடக்கட்டும். அடிப்பலகைய நான் மாத்திப் போட்டு வைக்கிறேன். விக்க மாட்டேன். பயப்படாதீங்க."

அப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தான் பேசியதால்தான் காரியம் நடந்தது என்ற மாதிரி மாமா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். எனக்கு ஒரே பரபரப்பு. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று அப்போதே மனதுக்குள் அடுக்கத் தொடங்கினேன். எங்களுக்குப் புது வீடு வருகிறது. எங்கள் அலுமாரி நுவரெலியாவில், மெயின் ரோட்டுக் கடையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

நாங்கள் படியிறங்கும்போது கடையாட்கள் அலுமாரியைத் தூக்கினார்கள். அதை வாசல் பக்கம், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வைக்கப்போனார்கள். முதலாளி தடுத்தார். அவர் சத்தமாகச் சொல்லவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும்.

"அங்க வைக்காதீங்க. பின்னுக்குக் கொண்டு போங்க. அந்தக் கடைசி மூலைக்கு. மேல துணி போட்டு நல்லா மூடி, முன்னால மத்த சாமான அடுக்குங்க."

அம்மா படியிலேயே நின்றுவிட்டாள். அலுமாரி உள்ளே, இன்னும் உள்ளே போய் இருட்டில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அந்த முதலாளி எவ்வளவு நல்லவர், யார் கையும் படாத இடமாகப் பார்த்து எங்கள் அலுமாரியை வைக்கிறாரே என்று பஸ் நிலையம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். பொங்கலுக்கு எடுக்க வருகிறவர்களின் சாமானை யாரும் அவ்வளவு உள்ளே கொண்டுபோய் வைக்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.