போர்க்கப்பல் பம்பு

எங்கள் படகின் எஞ்சினுக்குக் கடல் தண்ணீர் இழுத்துக் கொடுக்கும் பம்பு உடைந்த நேரம், எங்கள் குருநகர்க் கடலில் வலை நிறைய மீன் விழும் நல்ல பாடு. அந்தப் பம்பு இல்லாமல் ஓடினால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். டவுனில் ஒரு கடையில் புதுப் பம்பு இருந்தது. வாங்கப் புறப்பட்ட என்னை அம்மா மறித்தார். வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் புருஷன் லீவில் வரப்போகிறாராம். போனில் அத்தானே சொன்னார்.

“கடைச் சாமான் வாங்காதேங்கோ. நான் ஒரிஜினல் கொண்டு வாறன்.”

அதற்குப் பிறகு வாங்கினால் அக்காவுக்குக் குறையாகிவிடும். எங்கள் வீட்டில் பட்டினி கிடக்கலாம், வெளிநாட்டு மருமகனின் சொல்லைத் தட்டக் கூடாது. படகு கரையில் கிடந்தது. அடுத்த படகுக்காரர்கள் கூடை கூடையாக இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நானும் தம்பியும் நின்றோம்.

அத்தான் வந்தார். அங்கே அவருக்குப் போர்க்கப்பல்களின் உதிரிப்பாகங்களை அடுக்கி வைக்கும் களஞ்சியத்தில் வேலை. அடுக்கியவர்தான், ஆனால் கதையைக் கேட்டால் கப்பலைக் கட்டியவர் என்றே நினைக்கத் தோன்றும். மெழுகுத்தாள் சுற்றிய ஒரு வெண்கலப் பம்பைத் தூக்கி மேசையில் வைத்தார். பிறகு தொடங்கியது வரலாறு. அந்தப் பம்பைப் பூட்டியிருந்த ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல்களை ஏன் கட்டினார்கள், எந்தக் குளிர்க் கடலில் அவை நீர்மூழ்கிகளைத் தேடித் திரிந்தன, ஒன்றுக்கும் மற்றதுக்கும் புகைபோக்கியில் என்ன வித்தியாசம். சோறு ஆறிப்போனது. அம்மா பம்பை மாதா சொரூபத்துக்கு முன்னால் வைத்து மெழுகுதிரி கொளுத்தினார். அயலவர்கள் வேறு வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை படகில் வைத்துப் பார்த்தோம். ஒரு துளையும் பொருந்தவில்லை. குழாய் வாய்க்குள் என் கை முழுதாகப் போய் வந்தது. அத்தான் எஞ்சினைக் குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

“பம்பு சரி. உங்கடை படகுதான் பிழை.”

“இது பூட்டின கப்பலெல்லாம் இப்ப எங்கை அத்தான்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் எப்பவோ உடைச்சு இரும்புக்கு வித்துப்போட்டாங்கள். அதாலைதானே எனக்கு உது கிடைச்சது.”

இல்லாத கப்பலின் பம்புக்காக, இருக்கிற படகைக் கரையில் போட்டிருந்தோம். ஆத்திரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே டவுனுக்குப் போனேன். கடைப் பம்பைப் பூட்டி அன்று பின்னேரமே கடலுக்குப் போனோம். மீன் பாடு அதற்குள் குறைந்துவிட்டது. கிடைத்த கொஞ்சத்தையும் அம்மா அத்தானுக்குப் பொரித்துக் கொடுத்தார். முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, “மீன் சின்னன்” என்றார் அந்த மனுசன்.

இப்போது அங்கே, தன் பம்பில்தான் மச்சான்மாரின் படகு ஓடுகிறது என்று சொல்லித் திரிகிறாராம். அக்கா போனில் பெருமையாகச் சொன்னாள். ஓடுகிறது என்பது மட்டும்தான் பொய். அந்தப் பம்பைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் போட்டால்தான் எங்கள் படகு நிற்கிறது.